வீட்டுக்கு வராத நேரம் யார் கணக்கில்?

"அடிக்கிறானா?"
"இல்ல."
"வேற தொடுப்பு ஏதாவது?"
"அப்படியும் தெரியல."
"சம்பளத்தைக் குடிச்சே அழிக்கிறானா?"
"அதுவும் இல்ல."
"அப்புறம் என்னம்மா உனக்குப் பிரச்சினை?"

கணவர் தினமும் ராத்திரி 11 மணிக்கு வருகிறார், வீட்டில் எதையும் கண்டுகொள்வதில்லை என்று பிறந்த வீட்டில் போய்ச் சொல்லும் பெண், ஏறக்குறைய இதே வரிசையில்தான் கேள்விகளைச் சந்திக்கிறாள். கை நீட்டுவது, குடி, வேறு பெண் ஆகிய மூன்றையும் தாண்டிவிட்ட ஆண், உறவினர் பார்வையில் நல்ல பையன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அவன் எங்கே இருந்தான், வயதான தாயை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போனார்கள், பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் தன் மகள் படிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியுமா என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. குறை சொல்லப் போனவள்தான், பெரிதாக எதுவும் இல்லாததைப் பெரிதாக்குபவள் என்ற பெயருடன் பஸ் ஏறுகிறாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெரிதாக எதுவும் இல்லாததைப் பற்றியது. கணவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது இதில் பாதிக் கேள்விதான். அவர் வராத நேரத்தில் குடும்பத்தின் வேலையும் கவலையும் யார் தலையில் இறங்குகின்றன, அப்படி இறங்குவது ஏன் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது என்பது மறுபாதி. தாமதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடும் வீடுகளில் பல ஆண்டுகள் கழிந்தும் எதுவும் நகராததற்கு இந்த மறுபாதியைத் தொடாமல் விடுவதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவரின் வீட்டை நினைத்துக்கொள்வோம். வேலை முடிவது மாலை 6.30. வீடு பைக்கில் 20 நிமிடத் தூரம். வந்து சேர்வது 11 மணி. இடையில் அந்த வீட்டில் நடப்பவை: நான்காவது படிக்கும் பையனுக்கு நாளைக்கு ப்ராஜெக்ட், சார்ட் பேப்பர் வாங்கவில்லை, கடை 8 மணிக்கு மூடிவிடும். மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும். கேஸ் புக் செய்ய வேண்டும். வேன் காரருக்கு இந்த மாதப் பணம் பாக்கி. இவ்வளவுக்கும் நடுவே 9 மணிக்கு ஒரு போன், "வந்துட்டே இருக்கேன்." 10 மணிக்கு அடித்தால் எடுப்பதில்லை. 10.30க்கு சுவிட்ச் ஆஃப். அந்த நிமிடத்திலிருந்து அவள் மனத்தில் கோபமும் பயமும் ஒன்றாகவே இருக்கின்றன. எங்கே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாரோ என்ற எரிச்சல் ஒருபுறம், லாரி ஏதும் மோதியிருக்குமோ என்ற பதைப்பு மறுபுறம். தெருமுனையில் பைக் சத்தம் கேட்கும்வரை அவளால் தூங்க முடியாது. சத்தம் கேட்டதும் பயம் போய்விடும், கோபம் மட்டும் மிஞ்சும். கதவைத் திறக்கும்போது அவர் பார்ப்பது அந்தக் கோபத்தை மட்டும்தான். "வீட்டுக்கு வந்தாலே இந்த மூஞ்சிதான்" என்று மறுநாள் நண்பர்களிடம் சொல்லவும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இந்த வேலைப் பங்கீட்டை நாடு முழுவதும் அளந்து பார்த்திருக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த 97 நிமிடங்களும் வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. கணக்கெடுத்த நாளில் அப்படி ஏதாவது செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024இல் மறுபடி எடுத்த கணக்கில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று இரண்டுமே கொஞ்சம் குறைந்தன. இடைவெளி அப்படியே நிற்கிறது. அதாவது 6.30க்கு வேலை முடிந்து 7 மணிக்கு வீடு திரும்புகிற ஆணும் பெரும்பாலும் வீட்டு வேலைக்குத் திரும்புவதில்லை. தாமதம் என்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு ஏற்பாட்டின் முற்றிய வடிவம்.

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரண வழக்கம். ஆர்டர் அவசரம் என்றால் இரவு 8.30 வரை, அதற்கு மேலும் போகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த நேரம்தான் வீட்டு வாடகை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதத் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. அப்போது நடந்த வாதங்களில் உற்பத்தியும் முதலீடும் உடல்நலமும் பேசப்பட்ட அளவுக்கு, 12 மணி நேரம் ஆலையில் நிற்கும் தகப்பனின் வீட்டில் மீதி வேலையை யார் செய்வது என்பது பேசப்படவில்லை. லாரி டிரைவர், உணவு டெலிவரி செய்யும் இளைஞர், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஐடி ஊழியர் ஆகியோரின் தாமதமும் இந்த வகைதான். இவர்களிடம் "ஏன் லேட்" என்று சண்டை போடுவதில் நியாயமில்லை.

ஆனால் வேலையால் வராதவருக்கும் பொறுப்பை விட்டு வராதவருக்கும் உள்ள வித்தியாசம் எளிதில் தெரியும். துபாயிலிருந்து இரவு 9 மணிக்கு வீடியோ காலில் வந்து மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் படித்து, எந்த டாக்டர் என்று கேட்டுவைக்கும் ஆண் மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தும் அந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்திருக்கிறார். ஹாலில் சோபாவில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் குழந்தை அழுவதற்கு "ஏய், இங்க பாரு" என்று சமையலறையைக் கூப்பிடுபவர் வீட்டில் இருந்தும் இல்லாதவர். பெண்கள் பலருக்கும் ஆத்திரம் வருவது கடிகாரத்தைப் பார்த்து அல்ல. இவர் இல்லாததை நம்பி நான் ஒரு வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அது இவருக்குத் தெரியக்கூட இல்லை என்பதுதான் அந்த ஆத்திரம்.

பிறகு ஏன் வருவதில்லை? பதில்கள் பல, ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். சிலர் கடனை மறைக்கிறார்கள்; வீட்டுக்குப் போனால் பணத்தைப் பற்றிய கேள்வி வரும். சீட்டாட்டம் போனுக்குள் வந்தபின் அது இன்னும் ரகசியமாயிற்று. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழக அரசு 2025இல் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றை நாடு முழுவதும் தடுக்கும் மத்தியச் சட்டமே வந்தது. ராத்திரி நேரத்தைக் குறிவைத்து விதி எழுதும் அளவுக்கு அந்தப் பழக்கம் ராத்திரியில் ஊறியிருந்தது. சிலருக்கு மனச்சோர்வு. ஆணின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட எரிச்சலாகவும் விலகலாகவும் வெளிப்படுவது அதிகம். குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் தாய்க்கு வரும் சோர்வு இப்போதுதான் நம் ஊரில் பேசப்படுகிறது. தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவருக்கு அது வருவதாக 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. முதல் குழந்தைக்குப் பின் "இவர் மாறிட்டார்" என்று சொல்லும் பெண்கள் இந்தச் சாத்தியத்தையும் ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னொரு பெரிய கூட்டத்துக்கு எந்த நோயும் இல்லை. அவர்கள் வளர்ந்த விதமே அப்படி. சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காமல் எழுந்து போன பையன், தங்கை பாத்திரம் தேய்க்கும்போது கிரிக்கெட் ஆடப் போன பையன், 22 வயதில் ஊர் சுற்றியபோது வீட்டில் ஒரு முடிவெடுத்தார்கள்: ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் பொறுப்பு வந்துவிடும். மகனைத் திருத்தப் பெற்றோரால் முடியாத வேலை, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் ஒரு மருமகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவன் திருந்தவில்லை என்றால் அடுத்த யோசனை, ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும். சியாட்டிலில் ஜான் காட்மன் குழுவினர் புதுமணத் தம்பதிகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தைக்குப் பிறகு மனைவியரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திருமண நிறைவு குறைந்திருந்தது. குழந்தை, ஏற்கெனவே உள்ள பங்கீட்டைத் திருத்துவதில்லை, வெளியே கொண்டுவருகிறது. பொறுப்பு வரட்டும் என்பதற்காக ஒரு உயிரைப் பெற்றுக்கொள்ளச் சொல்லும் ஆலோசனையை நம் குடும்பங்கள் இனியாவது கைவிட வேண்டும்.

நம் இலக்கியம் இந்தக் காத்திருப்பை வெகுகாலமாக அறிந்தது. ஐந்திணைகளில் மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதன் சிறுபொழுதாகத் தொல்காப்பியம் வைத்திருப்பது வைகறையும் விடியலும். பரத்தையிடம் இரவைக் கழித்த தலைவன் வீடு திரும்பும் வேளை அது. தலைவி கதவடைக்கிறாள், தோழி வாயில் மறுக்கிறாள், பாணன் சமாதானம் பேச வருகிறான். சில பாடல்களில் தலைவன் தன் சிறு மகனையே தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறான். பிள்ளையைக் கண்டு அவள் இளகுவாள் என்பது கணக்கு. பிள்ளையைத் தூதாக்கும் இந்தத் தந்திரம் இன்றும் "அம்மாகிட்ட சாப்பாடு போடச் சொல்லு" என்ற வடிவில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த மரபில் ஊடல் கூடலில் முடிய வேண்டும். திருக்குறளின் கடைசி அதிகாரமும் ஊடலின் இன்பம்தான். தலைவியின் கோபத்துக்கு அழகு உண்டு, அதற்கு ஒரு பின்விளைவு கிடையாது.

சிலப்பதிகாரத்தில் மட்டும் வேறொன்று நடக்கிறது. மதுரையில், கோவலன் சிலம்பை விற்கக் கிளம்பும் முன், கண்ணகி முதன்முறையாகத் தன் பக்கத்தைச் சொல்கிறாள். நீ இல்லாத காலத்தில் அறவோரையும் விருந்தினரையும் எதிர்கொள்ளும் கடமை எனக்கு இல்லாமல் போயிற்று என்கிறாள். உன் தாயும் தந்தையும் வந்தபோது என் துயரம் தெரியாதிருக்கப் பொய்யாகச் சிரித்தேன், அந்தச் சிரிப்பைக் கண்டே அவர்கள் வருந்தினார்கள் என்கிறாள். கணவனின் இல்லாமையை மூடிமறைக்கும் வேலையும் மனைவியின் வேலைதான் என்பது இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் பதிவாகியிருக்கிறதா என்று தெரியவில்லை. இன்றும் அது தொடர்கிறது. மாமனாரிடம் "ஆபீஸ்ல மீட்டிங் மாமா", பள்ளி ஆசிரியையிடம் "அவர் வெளியூர் மிஸ்", சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் "அவருக்கு லீவ் கிடைக்கல." அவர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதன் விலையை அவர் ஒருபோதும் கொடுப்பதில்லை; மனைவி தன் கௌரவத்தைக் கொண்டு அதைக் கட்டிவிடுகிறாள்.

சமாளிப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும். முதலில் நச்சரிப்பு என்ற பழியைப் பார்த்துவிடலாம். ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க, மற்றவர் விலகிக்கொண்டே போவதைத் தம்பதியர் உளவியலில் நீண்டகாலமாக ஆராய்கிறார்கள். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மனைவி மாற்றம் கேட்ட விஷயங்களைப் பேசும்போது மனைவி வலியுறுத்த, கணவர் விலகினார். கணவர் மாற்றம் கேட்ட விஷயங்களுக்கு வந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு காணாமல் போயிற்று. அதாவது நச்சரிப்பது பெண்ணின் சுபாவம் அல்ல. இருக்கும் ஏற்பாடு யாருக்கு வசதியோ அவர் பேச்சைத் தவிர்க்கிறார், யாருக்குச் சுமையோ அவர் பேச்சை எழுப்புகிறார். இதை அறிந்துகொள்வது பெண்ணுக்குப் பெரிய விடுதலை. குரலைத் தாழ்த்திப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குச் சொல்லப்படும் அறிவுரை பாதி உண்மைகூட அல்ல.

இருந்தாலும் எப்போது, எதைப் பேசுவது என்பதில் பலன் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்குக் கதவடியில் பேசுவது வீண். இருவரும் களைத்திருப்பார்கள், அவர் குடித்திருந்தால் காலையில் நினைவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரம் நல்லது. "கொஞ்சம் பொறுப்பா இருங்க" என்பது யாராலும் நிறைவேற்ற முடியாத கோரிக்கை. "செவ்வாயும் வியாழனும் பாப்பாவை டியூஷனிலிருந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும், 7.30க்கு" என்பது நிறைவேற்றினாரா இல்லையா என்று தெரிகிற கோரிக்கை. இன்னொன்று, வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். அம்மாவின் சுகர் மாத்திரை அவர் பொறுப்பு என்றால், எப்போது தீருகிறது என்று பார்ப்பது, சீட்டு எடுத்துக்கொண்டு போவது, வாங்குவது எல்லாமே அவர் பொறுப்பு. நினைவூட்டுவது மனைவியின் வேலையாக இருக்கும்வரை பாரம் குறைவதில்லை. அவர் முதல் மாதம் சொதப்புவார். மாத்திரை உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் அதை விட்டுவிட்டு, சொதப்பினாலும் பெரிய கெடுதல் வராத ஒன்றை முதலில் கொடுக்கலாம்: கரண்ட் பில், வேன் பணம், காய்கறி, பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டம்.

மூடிமறைப்பதை நிறுத்துவது இதைவிடக் கடினம், இதைவிடப் பலனும் அதிகம். மாமனார் கேட்டால் "அவர் இன்னும் வரல மாமா, எங்கனு எனக்குத் தெரியல, நீங்களே போன் பண்ணிக் கேளுங்க" என்று மட்டும் சொல்வது. வசை இல்லை, புகார் இல்லை, பொய்யும் இல்லை. அவருக்குத் தட்டு மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவதும் இதில் சேரும். விழித்திருந்து பரிமாறுவது அன்பினால் என்றால் செய்யலாம். கடமை என்று யாரும் அதை அவள் மேல் சுமத்த முடியாது.

குடி இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழகத்தில் இந்தக் கேள்வியைக் குடியிலிருந்து பிரிக்க முடியாது. 2003இலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். கடைகள் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 2024-25இல் இந்த வழியில் அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500, 500 கடைகளாக மூடினார்கள், வருமானம் குறையவில்லை. காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். ராத்திரி 10.30க்குப் பைக் சத்தத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணின் துயரத்தில் அரசுக்கும் பங்குண்டு என்று சொல்வது மிகையல்ல.

அடிமையாகிவிட்ட ஒருவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர என்ன செய்யலாம் என்பதில் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மெயர்ஸ் உருவாக்கிய ஒரு பயிற்சி, குடிப்பவரை விட்டுவிட்டு அவர் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கிறது. தெளிவாக இருக்கும் வேளையில் அன்பும் நேரமும் கொடுப்பது, குடித்த வேளையில் சண்டையின்றி விலகிக்கொள்வது, குடியின் பின்விளைவுகளைத் தாங்களே துடைத்துச் சுத்தம் செய்யாமல் விடுவது, அவர் மனம் இளகும் நேரத்தில் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது, தங்கள் வாழ்க்கையைத் தாங்கள் கவனித்துக்கொள்வது ஆகியவை அதன் சாரம். 130 குடும்பத்தினரை வைத்து 1999இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்த வழியைப் பின்பற்றியவர்களில் 64 சதவீதத்தினர் தங்கள் வீட்டுக் குடிநோயாளியைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தனர். எல்லோரும் கூடி உட்காரவைத்து எதிர்த்துக் கேட்கும் முறையில் அது 30 சதவீதம்தான். நம் ஊர்ப் பஞ்சாயத்து அந்த இரண்டாவது முறையின் நெருங்கிய சொந்தம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயில் கணவரை இழந்தபின் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, நோயாளிக்குச் சிகிச்சை தரும்போதே குடும்பத்தினரையும் சேர்த்து ஆற்றுப்படுத்தும் வழக்கத்தை இங்கே நிலைநாட்டியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் துணை இயக்கமான அல்-அனான், குடிப்பவர்களின் மனைவியரும் பெற்றோரும் கூடிப் பேசும் இடம். அங்கே முதலில் கற்பிப்பது, இந்த நோயை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்பதை. "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்" என்று பத்து ஆண்டுகள் கேட்டுக்கேட்டு நொந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன பேச்சு உத்திகள் எதுவும் பொருந்தாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பணத்தைப் பற்றி நம் பெண்கள் இன்னும் தயங்குகிறார்கள். கணவரின் சம்பளம் எவ்வளவு, எந்த வங்கியில், என்ன கடன், நகை எங்கே அடகில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யார் பெயரில், இன்சூரன்சில் நாமினி யார் என்பது தெரியாமல் பத்து ஆண்டுகள் குடித்தனம் நடத்தும் படித்த பெண்கள் ஏராளம். பொறுப்பற்றவர் என்று ஒருவரைப் பற்றித் தெரிந்தபின்னும் அவரை நம்பி எல்லாத் தாள்களையும் அவரிடமே விட்டுவைப்பது விசுவாசம் ஆகாது. ஆதாரங்களின் நகல், சொந்தப் பெயரில் ஒரு கணக்கு, மாதம் 500 ரூபாயாவது ஒரு ஆர்.டி. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேமிப்பைவிட ஒன்றைப் பெரிதாகக் கொடுத்தன. வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வந்து, இதே துயரம் பக்கத்து வீட்டிலும் இருப்பதைப் பெண்கள் அங்கே அறிந்துகொண்டார்கள். ஆனால் கணவர் விட்ட ஓட்டையை அடைக்க வட்டிக்கு வாங்கும் குழுக்கடன் வேறு விஷயம். தவணை அவள் பெயரில், செலவு அவர் கணக்கில். அந்தக் கையெழுத்தைப் போடும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் திட்டம், ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதை உதவித்தொகை என்று அழைக்காமல் உரிமைத்தொகை என்று அழைத்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆண்டு முழுக்க விடுமுறையின்றி நடக்கும் வேலைக்கு விலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. மறுபக்கம், 2017 திருத்தத்தால் தாய்க்கு 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்கும் இந்த நாட்டில், மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள். தனியார் நிறுவனத் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. ஸ்வீடன் 1974இலேயே இந்த விடுப்பைத் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. நார்வே 1993இல் தகப்பன் எடுக்காவிட்டால் வீணாகிப் போகும் வாரங்களை ஒதுக்கியது. அதன்பிறகுதான் அங்கே ஆண்கள் கூட்டமாக விடுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். குழந்தை பிறந்த முதல் மாதத்தில் வீட்டில் இருந்தே பழகாத ஆண், ஐந்தாம் ஆண்டில் திடீரென்று பழகிவிடுவான் என்று எதிர்பார்க்கிறோம்.

பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். அவர்களிடம் அப்பாவைத் திட்டவும் வேண்டாம், அப்பா உழைத்துக் களைத்து வருகிறார் என்று பொய்க்காவியம் பாடவும் வேண்டாம். "அப்பா ஏன் வரல?" என்று கேட்டால் "அப்பாகிட்டயே காலைல கேளு" என்பது நேர்மையான பதில். பத்து வயது மகன் தன் தட்டைக் கழுவ, தன் சீருடையை மடித்துவைக்கப் பழகுவது இன்னும் முக்கியம். இருபது ஆண்டு கழித்து இன்னொரு வீட்டுக்குக் கால்கட்டு என்ற பெயரில் நாம் அனுப்பப்போவது அவனைத்தான்.

நேரம் கழித்து வருவது மனைவியாக இருந்தால் என்ன? வேலைக்குப் போகும் பெண் 9 மணிக்கு வந்தால், பெரும்பாலும் காலையிலேயே இரவுச் சாப்பாட்டையும் செய்துவைத்துவிட்டுப் போயிருப்பாள். உண்மையிலேயே குடும்பத்தைக் கைவிட்டுத் திரியும் பெண்களும் உண்டு. அந்த வீட்டு ஆணுக்கும் இங்கே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒன்று மட்டும் வேறு. அவன் போய்ச் சொன்னால், "அப்புறம் என்னப்பா உனக்குப் பிரச்சினை" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லாம் செய்தும் எதுவும் மாறவில்லை என்றால்? சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதையும் பொருளாதார வன்முறை என்கிறது. கணவர் வாழும் வீட்டில் தங்கும் உரிமையையும் மனைவிக்குத் தருகிறது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஜீவனாம்சம் கேட்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு. இதில் இருவரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் விதித்தது. விவாகரத்து வேறு கதை. நேரம் கழித்து வருவது மட்டும் அதற்குக் காரணமாகாது. மனக்கொடுமை என்றால் என்ன என்பதை 2007இல் ஒரு வழக்கில் விரிவாக எடுத்துரைத்த உச்ச நீதிமன்றம், அன்றாட வாழ்வின் சில்லறை உரசல்கள் போதாது என்றது. நெடுங்காலம் தொடர்ந்து, மனநலத்தையே கெடுக்கும் அளவுக்கான புறக்கணிப்பும் அலட்சியமும் கொடுமையாகலாம் என்றும் சொன்னது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தேதியோடு எழுதிவைத்த ஒரு சாதாரண நோட்டு அங்கே உதவும்.

"பையன் பிளஸ் டூ முடிக்கட்டும்" என்று தவணை வைத்துக்கொண்டு இருப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வருமானமும் போக்கிடமும் இல்லாத பெண்ணுக்கு அது ஒரு கணக்கு. அந்த ஆண்டுகள் வெறும் காத்திருப்பாகக் கழியக்கூடாது என்பதுதான் என் கவலை. பாதியில் விட்ட பி.எட்., தையல் மெஷின், இருசக்கர வாகன லைசென்ஸ், பேசாமல் விட்ட அக்காவோடு மறுபடி பேச்சு என எதுவாகவும் இருக்கலாம். கூடவே, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வரலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா அளவிலும் குழுக்கள் இருக்கின்றன. போனவுடன் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. தன் நிலையைச் சொல்லி, என்னென்ன வழி உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.